ஒரு கறுப்புக் கோட்டும் ஒரு கைப்பையும்

நான் கலியாண வீடியோக்காரன். விசிட்டிங் கார்டில் ‘இயக்குநர்’ என்று அச்சடித்து வைத்திருக்கிறேன். என் மனைவியைத் தவிர மற்ற எல்லோரும் அதைப் பெருந்தன்மையோடு கண்டும் காணாமல் விட்டுவிட்டார்கள். கலியாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம், அறுபதாவது பிறந்தநாள் என்று இருபத்தைந்து வருடமாக ஸ்காபரோவில் ஒரு சனிக்கிழமையாவது நான் வீட்டில் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை. இந்தப் பட்டியலில் மரணவீடும் உண்டு. மரணவீட்டுக்கு வீடியோவா என்று மற்றவர்கள் முகம் சுளிக்கலாம், எங்கள் ஆட்கள் சுளிக்க மாட்டார்கள். ஒரே வயிற்றில் பிறந்த ஐந்து பேரில் ஒருவர் பாரிஸில், ஒருவர் லண்டனில், ஒருவர் சிட்னியில், ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருந்தால், ஐந்தாவது ஆள் ரொறன்ரோவில் இறந்தால் வேறு என்ன செய்வது? அவர்களால் வந்து பார்க்க முடியாது. ஆகவே நாங்கள் நேரலையில் அனுப்பிவைக்கிறோம்.

நேரலை பொல்லாத சாமான். மண்டபத்துக்கு வந்து கதிரையில் இருப்பவர்கள் பத்து நிமிடத்தில் பிக்கரிங்கில் வீடு வாங்குவதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். திரையில் பார்ப்பவர்கள் அப்படியல்ல. கண் வெட்டாமல் பார்ப்பார்கள். ஆர் வந்தது, ஆர் வரவில்லை, ஆர் எந்தச் சீலை, ஆர் எத்தனை மணிக்கு அழத் தொடங்கி எத்தனை மணிக்கு நிறுத்தினது, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஒருமுறை சிட்னியில் இருந்து ஒரு அங்கிள் பழக்கதோஷத்தில் ‘வாழ்த்துகள்’ என்று தட்டிவிட்டு, அதை அழிக்கத் தெரியாமல், கீழே இரண்டு கும்பிடும் கை போட்டுச் சமாளித்தார்.

இப்போது என் சகலனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். என்னைவிட ஏழு வயது மூத்தவர், அதனால் எனக்கு அண்ணை. அவர் என்னை ‘காணும்’ என்பார். வூட்பிரிட்ஜில் ஒரு இத்தாலியப் பேக்கரியில் இருபத்திரண்டு வருடம் மாவு குழைத்தவர். அங்கே பாணின் பெயர்களையும் கெட்ட வார்த்தைகளையும் சம அளவில் கற்றுக்கொண்டார். அவர் வேலையை விட்டு நின்ற நாளில், கூட வேலை செய்த ஒரு கிழவர் ஒரு அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்திருக்கிறார். வீட்டை விற்றுச் சின்ன கொண்டோவுக்குப் போகிறாராம், வைக்க இடமில்லையாம். அண்ணை பிஸ்கற் என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால், உள்ளே டிவிடியில் நாற்பது சினிமாப் படங்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு இத்தாலியில் எடுத்தவை.

எங்கள் ஆட்கள் மார்கழியில் கலியாணம் வைப்பதில்லை. ஆகவே அது எனக்கு ஓய்வு மாதம். அப்படித்தான் ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பிட்டுவிட்டு, அஜின்கோர்ட்டில் அண்ணை வீட்டு பேஸ்மென்டில் நாங்கள் இருவரும் முதல் படத்தைப் போட்டோம். பிறகு நாலு பனிக்காலம் அது ஒரு விரதம் மாதிரி ஆகிவிட்டது. அண்ணைக்குப் பழைய சாய்கதிரை, எனக்கு ஒரு பக்கம் இறங்கிப்போன செற்றி.

அந்தப் படங்களில் எல்லோரும் நடந்துகொண்டே இருப்பார்கள். கூரை இல்லாத வீடு, பாதி இடிந்த மதில், தண்ணீருக்கு வரிசை, பாணுக்கு வரிசை. முதல் படம் ஓடி அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். அண்ணை கால்மேல் கால் போட்டபடி கேட்டார்:

“எங்கட ஊரை இவங்கள் எப்ப காணும் வந்து எடுத்தவங்கள்?”

நான் இயக்குநர் அல்லவா, விளக்கம் கொடுக்கத் தொடங்கினேன். “அண்ணை, இதில வாறவை கனபேர் நடிகர்களே இல்லை. றோட்டில போனவையைப் பிடிச்சு நிப்பாட்டி எடுத்தது.”

“அப்ப உம்மட கலியாண வீடியோவும் உதுதானே. ஒருத்தருக்கும் நடிக்கத் தெரியாது.”

அவரோடு படம் பார்ப்பது அப்படித்தான். நான் பெரிய கலைஞன்போல ஏதாவது சொல்ல வாயெடுத்தால் அவரிடம் ஒரு ஊசி தயாராக இருக்கும்.

மூன்றாவது ரசிகை ஒருவர் இருந்தார். மச்சாள், அண்ணையின் மனைவி. அவர் ஒருநாளும் வந்து உட்கார்ந்ததில்லை. பேஸ்மென்டுக்கு இறங்கும் படியில், மேலிருந்து நாலாவது படியில், தோளில் பாத்திரம் துடைக்கிற துணியைப் போட்டுக்கொண்டு நிற்பார். “வந்து இருங்கோ மச்சாள்” என்றால், “அடுப்பில கறி” என்பார். அடுப்பை நிறுத்தி ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும், கறி எங்கள் வயிற்றில் இருக்கும். ஆனாலும் அவர் நின்றுதான் பார்ப்பார். முழுப் படமும் பார்ப்பார். படம் முடிந்ததும் ஒரே ஒரு வசனத்தில் தீர்ப்பு வரும். “உந்தப் பிள்ளைக்கு ஒரு சப்பாத்து வாங்கிக் குடுத்திருந்தா படம் பத்து நிமிசத்தில முடிஞ்சிருக்கும்.” அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியில் ஒரு படம் இருந்தது. அதன் பெயர் என் வாயில் நுழையாது, அண்ணை பேக்கரி உச்சரிப்பில் சொல்லும்போது கெட்ட வார்த்தை மாதிரிக் கேட்கும். நாங்கள் ‘கோட்டுப் படம்’ என்று பெயர் வைத்துவிட்டோம். கதை இதுதான். ஒரு துறைமுகப் பட்டினத்தில் ஒரு பழைய மாடிக் கட்டடம். சண்டையில் எல்லாம் போய், கட்டடம் முழுவதற்கும் ஒரேயொரு கறுப்புக் கோட்டுத்தான் மிச்சம். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு திரிந்தால்தான் துக்கம் காக்கிறார் என்று ஊர் ஒத்துக்கொள்ளும். ஒரு சவரத் தொழிலாளியின் மனைவி ஒரு காலையில் இறந்துபோகிறாள். கோட்டைத் தேடினால் மூன்றாம் மாடிக்காரனிடம் இருக்கிறது. அவன் தூரத்து மாமன் செத்து ஆறு மாதம் ஆகியும், கோட்டுத் தனக்கு எடுப்பாக இருக்கிறது என்பதற்காகத் துக்கத்தை முடிக்காமல் இழுத்துக்கொண்டிருக்கிறான். கோட்டில்லாத மனிதனுக்கு யாரும் ஆறுதல் சொல்ல வருவதில்லை. “இன்னும் துக்கம் தொடங்கவில்லையே” என்று பார்க்கிறார்கள். சவரம் செய்ய வருகிறவர்களும் நின்றுபோகிறார்கள். கடைசியில் ஓடித் திரிந்து, கெஞ்சி, கோட்டை வாங்கிப் போடுகிறான். அது அவனுக்கு இரண்டு அளவு பெரிது. கை விரல்கூட வெளியே தெரியாது. ஊருக்குப் பரம திருப்தி. வரிசையில் வந்து அவன் முதுகைத் தட்டுகிறார்கள்.

பிறகு அவன் வீட்டுக்குப் போகிறான். கோட்டைக் கவனமாக ஆணியில் கொழுவுகிறான். உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்கிறான். கமரா அசையாமல் அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. படம் முடிகிறது.

“கோட்டுக்கதை நல்லாத்தான் போச்சு” என்றார் அண்ணை. “கடைசியில உந்தக் கிழங்கு உரிக்கிறதை என்னத்துக்குக் காணும் இவ்வளவு நேரம் காட்டுறான்? இந்த நேரத்துக்கு நான் ரெண்டு கிலோ உரிச்சிருப்பன்.”

நான் யதார்த்தம், காலம், பார்வையாளனின் பொறுமை என்று ஏதோ எடுத்துவிட்டேன். படியிலிருந்து மச்சாளின் குரல் வந்தது.

“அந்தாள் ரெண்டு கிழங்கு எடுத்து, ஒண்டைத் திருப்பிக் கூடைக்குள்ள வச்சவர்.”

நாங்கள் நம்பவில்லை. பின்னுக்கு ஓட்டிப் பார்த்தோம். உண்மைதான். கை கூடைக்குள் போகிறது, இரண்டு கிழங்கோடு வருகிறது, கொஞ்சம் நிற்கிறது, ஒன்றைத் திருப்பி வைக்கிறது. இரண்டு பேருக்குச் சமைத்த பழக்கம். அதற்காகத்தான் அந்த இயக்குநர் அவ்வளவு நேரம் காத்திருந்திருக்கிறான். அண்ணைதான் முதலில் சமாளித்துக்கொண்டார்.

“கார்டில உம்மட பேரை வெட்டிப்போட்டு இவளின்ர பேரைப் போடும்” என்றார். பிறகு, “எங்கட ஆக்களுக்கு உந்தக் கோட்டுப் பிரச்சினை இல்லை காணும். நாலு பேர் பாக்கக் குளறினாப் போதும்” என்றார்.

மச்சாளின் கைப்பையைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். கறுப்புத் தோல்பை, ஒரு சின்னப் பிள்ளையின் பாரம் இருக்கும். எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் மச்சாளுக்கு இரண்டு கையும் தேவை. யாருக்காவது சீலை மடிப்புச் சரிசெய்ய வேண்டும், யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும், பலகாரத் தட்டை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு மாற்ற வேண்டும். அப்போது திரும்பிப் பார்க்காமலே பையைப் பின்னால் நீட்டுவார். அங்கே அண்ணையின் கை இருக்கும். என்னுடைய கலியாண வீடியோக்கள் பலவற்றில், மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால், சால்வை போட்ட பெரிய மனிதர் ஒருவர் பெண்கள் கைப்பை ஒன்றைக் கோயில் தட்டுப்போல ஏந்திக்கொண்டு நிற்பதைக் காணலாம். “அண்ணை, மூண்டு கமராவிலயும் பாக் வருது” என்று நான் கத்தியிருக்கிறேன்.

“இதுக்குள்ள என்ன இருக்கெண்டு எனக்கே தெரியாது காணும்” என்பார். “ஆனா கீழ வைக்க ஏலாது.”

போன மாசி மாதம் ஒரு காலை, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாசலில் பனி அள்ளப் போன அண்ணை திரும்பி வரவில்லை. மாரடைப்பு. அம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மரணவீட்டை நான்தான் வீடியோ பிடித்தேன். வேறு ஒருவனை அண்ணை கிடந்த பெட்டிக்குக் கிட்ட விட எனக்கு மனம் வரவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, கமராவுக்குப் பின்னால் நிற்பவனைப் பார்த்து யாரும் ஏன் அழவில்லை என்று கேட்பதில்லை. எனக்கு ஒளிந்துகொள்ள ஒரு இடம் தேவைப்பட்டது.

மச்சாளுக்கு அப்படி ஒரு இடம் இருக்கவில்லை. மூன்று கமராவும் அவரைத்தான் பார்த்தன. அவர் அழவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில், கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். வந்தவர்களிடம், “காரை எங்க விட்டனீங்கள்? பின்பக்கம் விட்டா இழுத்துக்கொண்டு போயிடுவாங்கள்” என்றார். மிசிசாகாவில் இருந்து பனிக்குள் வந்த ஒரு அன்ரியிடம், “சாப்பிட்டனீங்களோ?” என்று கேட்டார். பெண்கள் பெட்டியைச் சுற்றி நின்று குரலெடுத்து அழும்போது நடுவில் அந்தக் கறுப்புப் பை. தொழில்புத்தி யாரை விட்டது? நான் கிட்டப் போய், “மச்சாள், பாக்கை ஆரிட்டயும் குடுங்கோ, பிரேமுக்குள்ள வருது” என்று மெதுவாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். சரியென்று தலையாட்டினார். நான் அதற்குள் மற்றப் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் பை அவர் நெஞ்சோடுதான் இருந்தது.

அன்று பின்னேரமே பாரிஸில் இருந்து தொலைபேசி வந்தது. அண்ணையின் தமக்கை. முழங்கால் ஒப்பரேசன் செய்து இரண்டு கிழமை, விமானம் ஏற முடியாது. செற்றியில் காலை நீட்டியபடி ஐந்து மணித்தியாலமும் பார்த்திருக்கிறார்.

“மூண்டு கமரா வச்சனீர். என்ர தம்பிக்கு அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதை உம்மால பிடிக்க ஏலாமப் போச்சே?”

“அக்கா, அவ அழேல்லை. அதிர்ச்சியில நிண்டவ.”

“அதிர்ச்சியோ? புருசன் பெட்டிக்குள்ள கிடக்கிறான், அவளுக்குப் பாக்தான் பெரிசாக் கிடக்கு. உலகமெல்லாம் பாத்துக்கொண்டிருக்குது.”

உலகமெல்லாம் என்று அவர் சொன்னது மிகையல்ல. எங்கள் உலகம் நூற்றெண்பது பேர், எல்லோரும் பார்த்திருந்தார்கள். இரண்டே நாளில் அந்தக் கைப்பை லண்டனுக்குப் போய், அங்கே கொஞ்சம் பாரம் கூடி, சிட்னிக்குப் போய்ச் சேர்ந்தது. பைக்குள் காப்புறுதிப் பத்திரம் இருந்ததாம். அதனால்தான் கையை விட்டு இறக்கவில்லையாம். மச்சாளின் மகன் என்னைக் கூப்பிட்டான். இங்கே பிறந்தவன், கணினி வேலை, நல்ல பிள்ளை.

“சித்தப்பா, பாரிஸ் மாமி இஸ் ட்ரைவிங் மீ க்ரேஸி. அப்பாவின்ர முப்பத்தொண்டாம் நாளுக்கு முதல் நீங்கள் ஒரு நல்ல வீடியோ செய்து அனுப்புங்கோ. ஜஸ்ட் ஃபிக்ஸ் இற், ப்ளீஸ். அம்மா ஏற்கனவே சாப்பிடுறேல்லை. உந்தக் கதையள் அவவின்ர காதில விழக்கூடாது.”

ஃபிக்ஸ் பண்ணுவது எப்படி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதுதான் என் துரதிர்ஷ்டம். நாலு வருடத்துக்கு முன் மச்சாளின் அம்மா, அதாவது என் மாமியார், தவறியபோதும் வீடியோ பிடித்தது நான்தான். அதே மண்டபம், அதே மெரூன் திரை, அதே பூ வளையங்கள். மச்சாள் உடுத்திருந்ததும் அதே மாதிரி ஊதாக் கரை போட்ட வெள்ளைச் சீலை. அன்று அவர் தாயின் காலைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் பதினொரு விநாடியை வெட்டினேன். ஓரங்களைக் குறுக்கி, நிறத்தைத் திருத்தி, அண்ணையின் இறுதிச்சடங்குக்குள் ஒட்டினேன். மேலே புல்லாங்குழலைப் போட்டேன். கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தேன்.

என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

“உங்களுக்கு உது தேவையில்லாத வேலை. அக்காவிட்ட ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?”

“உம்மட அக்காவுக்காகத்தானே செய்யிறன். பாவம் அவ.”

நான் சத்தியமாக அதை இரக்கம் என்றுதான் நம்பினேன். நாலு பனிக்காலம் உட்கார்ந்து அந்தப் படங்களைப் பார்த்தவன், ஒரு கறுப்புக் கோட்டை எடுத்துக்கொண்டுவந்து மச்சாளுக்குப் போட்டுவிடுகிறேன் என்பது அப்போது மூளைக்கு எட்டவே இல்லை.

வீடியோவை முதலில் பாரிஸுக்கு அனுப்பினேன். அக்கா உடனே எடுத்தார். “இப்பத்தான் என்ர நெஞ்சு ஆறினது” என்று அழுதார். அவரே அதை எல்லோருக்கும் அனுப்பினார். லண்டன் ஆறியது, சிட்னி ஆறியது. காப்புறுதிப் பத்திரம் பைக்குள்ளிருந்து மாயமாக மறைந்தது. இத்தனை வருடத் தொழிலில் எனக்கு இவ்வளவு பாராட்டு வந்ததே இல்லை.

முப்பத்தொன்றுக்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மண்டபத்தில் போடுவதற்கு முன் மச்சாள் ஒருமுறை பார்க்கட்டும் என்று பேஸ்மென்டில் போட்டோம். நான் என் செற்றியில், மனைவி பக்கத்தில், மகன் கீழே தரையில். அண்ணையின் சாய்கதிரையில் யாரும் இருக்கவில்லை. “வந்து இருங்கோ மச்சாள்” என்றேன். அவர் நாலாவது படியிலேயே நின்றார். அன்று அடுப்பில் கறி என்றுகூடச் சொல்லவில்லை.

வீடியோ ஓடியது. பூக்கள், தேவாரம், வாய்க்கரிசி. பதினொரு விநாடி வந்து போனது. நான் மூச்சை விட்டேன்.

“நிப்பாட்டுங்கோ” என்றார் மச்சாள். “பின்னுக்குப் போங்கோ.”

போனேன்.

“இன்னும் கொஞ்சம். இந்த இடந்தான். கீழ, இடப்பக்கத்து மூலையைப் பாருங்கோ.”

நான் பார்த்தேன். ஓரங்களைக் குறுக்கியபோது ஒரு ஆளை வெட்டியிருந்தேன். அவரை மணிக்கட்டுவரைதான் வெட்டியிருந்தேன். திரையின் கீழ் மூலையில் ஒரு கை மட்டும் மிச்சம் இருந்தது. மண்ணிற வார் போட்ட மணிக்கூடு. அந்தக் கையில் ஒரு கறுப்புக் கைப்பை.

அண்ணை தன்னுடைய செத்தவீட்டில் நின்றுகொண்டிருந்தார்.

பாரிஸ் பார்க்கவில்லை, லண்டன் பார்க்கவில்லை, சிட்னி பார்க்கவில்லை. கார்டில் இயக்குநர் என்று போட்டவனும் பார்க்கவில்லை. எல்லோரும் கண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். “மச்சாள், நான்... ஊர் என்ன கதைக்குதெண்டு...” என்று உளறினேன். மகன் தலையைக் குனிந்துகொண்டான். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

மச்சாள் படியில் மெல்ல உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்பது எங்களுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

“இந்த மனுசன்” என்றார், “செத்த பிறகும் என்ர பாக்கைத் தூக்கிக்கொண்டு நிக்கிறார்.”

நாங்களும் சிரித்தோம். வேறு என்ன செய்வது? சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் மாறியது.

“தம்பி, உந்த அழுகை அம்மாவுக்கு அழுதது. அதை எடுத்து இவருக்குக் குடுக்காதேங்கோ. அண்டைக்கு இவர் பாக்கைப் பிடிச்சுக்கொண்டு பின்னால நிண்டவர். அதால எனக்கு ரெண்டு கையும் சும்மா இருந்தது, அழக்கூடியதாயும் இருந்தது.” தோளில் கிடந்த துணியைக் கையில் எடுத்தார். “இவற்ற செத்தவீட்டில நீங்கள் பாக்கை ஆரிட்டயும் குடுக்கச் சொன்னனீங்கள். நான் குடுத்தனான் தம்பி. பின்னால நீட்டினனான்.”

அதற்குப் பிறகு அவர் அழுதார். துணியை வாயில் வைத்துக்கொண்டு, நாலாவது படியில் இருந்து, ஒரு மாதத்து அழுகையை அழுதார். என் மனைவி ஓடிப்போய்ப் பக்கத்தில் இருந்து பிடித்துக்கொண்டார். படி ஜன்னலால் வந்த பங்குனி வெயில் அவர் முகத்தில் விழுந்தது. வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று என் புத்தி சொன்னது. வெட்கக்கேடு, உண்மையைத்தான் எழுதுகிறேன். ஆனால் கமரா பைக்குள்ளேயே கிடந்தது.

அடுத்த நாள் காலை நான் மூன்று கமராவிலும் பதிந்ததை முதலில் இருந்து பார்த்தேன். நான் கையில் வைத்திருந்த கமராவில் ஒன்றும் இல்லை. பை வருகிறது என்று நானே மற்றப் பக்கம் திருப்பியிருக்கிறேன். ஆனால் வலப்பக்கத்தில் முக்காலியில் தனியே விட்டிருந்த கமரா எல்லாவற்றையும் பார்த்திருக்கிறது. நான் வந்து சொல்லிவிட்டுப் போகிறேன். மச்சாள் பெட்டியைப் பார்த்தபடியே, திரும்பாமல், பையைப் பின்னால் நீட்டுகிறார். அங்கே யாரும் இல்லை. கை அப்படியே நிற்கிறது. ஒன்பது விநாடி. பிறகு பையைத் திருப்பி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார்.

கோட்டுக்காரன் இரண்டாவது கிழங்கைத் திருப்பி வைத்ததை நான் படத்தில் தவறவிட்டேன். இதை நேரில், அதே பெட்டிக்கு மற்றப் பக்கம் நின்று தவறவிட்டேன்.

அம்மாவின் அழுகையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதை வைத்தேன். ஒரு நொடிகூட வெட்டவில்லை. புல்லாங்குழலையும் எடுத்துவிட்டேன். மச்சாள் வீட்டு பேஸ்மென்டுக்குக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். “ஓம், இது நான்தான்” என்றார். பிறகு அங்கிருந்தே பாரிஸுக்கு அனுப்பி, முதல் வீடியோவில் செய்த கள்ளத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். என்னைத் தின்று கைகழுவப்போகிறார் என்று காத்திருந்தேன். ஒரு மணித்தியாலம் பதில் இல்லை. பிறகு தொலைபேசி அடித்தது.

“அவள் கையை நீட்டிக்கொண்டு நிக்கிற இடத்தில...” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. “எனக்கு வர ஏலாமப் போச்சு” என்றார். “நான் வந்திருந்தா அந்தப் பாக்கை வாங்கியிருப்பன். அவளிட்டப் போனைக் குடும்.”

இரண்டு பேரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் மேலே போய்த் தேத்தண்ணி போட்டேன்.

முப்பத்தொன்று அன்று மண்டபத்தில் வீடியோ ஓடியது. பலருக்கு விளங்கவில்லை. “அழுற சீனை ஏன் எடுத்தனீர்? அது நல்லா வந்திருந்தது” என்று ஒரு அங்கிள் எனக்கு ஆலோசனை சொன்னார். அதன் பிறகு படையல். அண்ணையின் படத்துக்கு முன் தலைவாழை இலை போட்டு, மச்சாள் சோற்றுச் சட்டியைத் தூக்க வேண்டும். மகன் ஐயரோடு நின்றான். நான் நேரலைக் கமராவோடு மச்சாளுக்குப் பின்னால் நின்றேன். நல்ல கோணம்.

மச்சாள் இலையைப் பார்த்தபடியே, திரும்பாமல், பையைப் பின்னால் நீட்டினார்.

நான் கமராவைப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டு அதை வாங்கினேன். சரியான பாரம். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. கமரா இல்லாமல், எல்லோருக்கும் முன்னால், பெண்கள் கைப்பை ஒன்றை ஏந்திக்கொண்டு நான் நின்றேன். அப்போதுதான் எனக்கு அண்ணைக்காக அழுகை வந்தது. ஒளிய இடமில்லாமல் அழுதேன்.

பின்னேரம் பாரிஸ் அக்கா எடுத்தார். குரல் பழையபடி தெளிவாகத்தான் இருந்தது.

“என்ன காணும் வீடியோ இது? இருபது நிமிசம் கதிரைக்கால்தான் தெரியுது.”

“எனக்கு ரெண்டு கையிலயும் வேலை இருந்தது அக்கா” என்றேன்.